வெளியே போவதை மட்டும் பார்த்தவர்

ஷவ்கத் பே ரொட்டி வாங்குவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எங்கள் கட்டிடத்துக்கு எதிரே இருக்கும் ரொட்டிக் கடையில் வரிசையில் நின்று வாங்குவார். கைக்கு வந்ததும் ஒவ்வொரு ரொட்டியையும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். சூடு பார்க்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். காலமெல்லாம் ஊர் வாசல் சுங்கச் சாவடியில் நின்ற மனிதர், மரியாதைக்கு ஊர் வைத்த 'பே' பட்டமும் அதனால்தான். அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, அவர் கட்டைவிரலுக்கு யாரும் கொடுக்கவில்லை.

போர்ட் சயீதில் பிறந்தவர்களுக்கு அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடல் வழியாக எங்கள் ஊருக்குள் எது வந்தாலும் வரி கிடையாது. ஜீன்ஸ், கைக்கடிகாரம், குளிர்சாதனப் பெட்டி, எது வேண்டுமானாலும் கப்பலில் இருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போகும். ஊரைவிட்டு கெய்ரோ பக்கம் போகும்போதுதான் பிடித்துக்கொள்வார்கள். வாசலில் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கி, மூட்டையைப் பிரித்து, வெளியே போவதற்குத்தான் வரி. அதனால் ஊர் மொத்தமும் சேர்ந்து வெளியே கடத்திக்கொண்டிருந்தது, ஷவ்கத் பே தனியாளாக நின்று அதைத் தடுத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர் சொல்லுவார்.

கோடை வெயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்களை நடையிலேயே கண்டுபிடித்திருக்கிறார். வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு கர்ப்பிணி வேஷத்தில் வந்த பெண்களைத் தொட்டுப் பார்க்க முடியாதே என்று மற்ற அதிகாரிகள் கையைப் பிசைவார்கள். இவர் மரியாதையாக ஒரு நாற்காலியை எடுத்துப் போடுவார். "உக்காரும்மா." உட்காரும்போது கை முதுகுக்குப் போனால் குழந்தை, வயிற்றுக்குப் போனால் துணி. என் அப்பாவின் பாலாடைக்கட்டி டின்னைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்து, அடியில் இருந்த கடிகாரங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தவரும் அவரேதான். அதனால் எனக்கு அவர் மேல் தனிப்பாசம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மம்தூஹ். அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தவனெல்லாம் இன்ஜினியர்தான், நானும் அப்படித்தான் இன்ஜினியர் ஆனேன். கட்டிடம் முழுவதற்கும் இணைய ஒயர் என் கடையில் இருந்துதான் மேலே ஏறுகிறது. ஷவ்கத் பே மட்டும் வெகுநாள் ஒயரை வீட்டுக்குள் விடவில்லை. நான் கீழே உட்கார்ந்துகொண்டு ஒயர் வழியாக அவர் வீட்டில் நடப்பதை ஒட்டுக் கேட்பேன் என்று சந்தேகம். அவர் வீட்டில் கேட்பதற்கு அப்படி என்ன நடந்துவிடுகிறது என்று அவருடைய மனைவி உம் ரிஹாப் படிக்கட்டில் நின்றபடியே கேட்டார். "மீன் பொரியற சத்தமா? கேட்டுட்டுப் போகட்டுமே."

ஒயர் ஏறியதற்குக் காரணம் ஒரு கல்யாணம். அவர்களுடைய ஒரே மகள் ரிஹாப், பாலர் பள்ளி ஆசிரியை. அவள் பெயரை வைத்துத்தான் தாயை உம் ரிஹாப், அதாவது ரிஹாபின் அம்மா, என்கிறோம். கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் போர்ட் ஃபுஆதுக்குப் போகும் படகில் இயந்திரம் பார்க்கும் ஹைஸம் என்கிற பையன் முறைப்படி வந்து பெண் கேட்டான். ஷவ்கத் பே படகுத்துறையில் விசாரித்தார், அவன் தெருவில் விசாரித்தார், அவன் ராணுவத்தில் இருந்தபோது கூட இருந்தவன் ஒருவனைத் தேடிப் பிடித்து விசாரித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு உறுத்தலாக இருந்தது. ஆனாலும் நிச்சயம் நடந்தது. பையன் ரிஹாபுக்கு வளையலும் மோதிரமும் போட்டான். கூடவே ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கிக் கொடுத்தான், அவள் பள்ளி வேலைக்கு ஆகட்டும் என்று.

அதைப் படுக்கையறையில் வைக்கக் கூடாது என்றார் பே. முன்கூடத்தில், வாசலைப் பார்த்த மாதிரி வைத்தார்கள். அதற்கு மேல் தன் தொழிலைக் காட்டினார். திரைக்கு மேலிருந்த கேமரா கண்ணில் பிளாஸ்திரியை ஒட்டினார். மைக்கைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ரிஹாப் யாருக்காவது எதையாவது அனுப்பினால், அனுப்பும் முன் பின்னால் நின்று படித்தார். வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்றி, திரைமேல் துண்டைப் போட்டு மூடுவார். என்னைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"இன்ஜினியர், இதுல இருந்து வெளிய என்ன போகுது?"

"நீங்க அனுப்புறதுதான் போகும் பே."

"நான் அனுப்பாம எது போகுதுன்னு கேக்கறேன்."

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. நல்ல கேள்வி. பாதிக் கேள்வி என்று அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

மானம் போனது ஒரு மாலை நேரத்தில். அவரோடு வாசலில் வேலை பார்த்த ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் தேநீர் குடிக்க வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் நிரல் ஒன்று உண்டு. அதைக் கேட்கட்டும் என்று அன்றைக்குத் துண்டை எடுத்து வைத்து, ஒயரையும் மாட்டியிருந்தார். சூரியன் இறங்கியது. அழகான குரலில் பாங்கு ஒலித்து முடிந்தது. வந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அந்த வாய் மூடுவதற்குள் திரையின் மூலையில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். உடுத்தியிருந்தது கொஞ்சம், சிரித்தது நிறைய. பக்கத்திலேயே பெரிய எழுத்தில், உங்கள் ஊரில் தனிமையில் வாடும் பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. மூடப் போனால் அவள் போய் இன்னொருத்தி வந்தாள். வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். இன்னொருவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் யார் கொடுத்தது? ஹைஸம். அப்புறம் விசாரணை எதற்கு. மறுநாள் அவனை வரவழைத்து முன்கூடத்தில் நிற்க வைத்தே கேட்டார். உம் ரிஹாப் பிற்பாடு அதை எனக்கு அப்படியே சொன்னார்.

"இந்த அசிங்கத்தை என் வீட்டுக்குள்ள கொண்டு வந்தது நீயா?"

"நான் வைக்கல மாமா."

"அப்ப யாரு வச்சது?"

பையன் ரிஹாபை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

ஷவ்கத் பேவுக்கு அது போதும். வாசலில் அவர் கற்ற பாடம் அது. மடியில் கனம் இல்லாதவன் கத்துவான், அதிகாரி பேரைக் கேட்பான், மேலதிகாரியைக் கூப்பிடுவான். கனம் உள்ளவன் தலையைக் குனிவான். அன்றைக்கே ரிஹாபின் கையிலிருந்து வளையலையும் மோதிரத்தையும் கழற்ற வைத்து, பெட்டியில் போட்டு, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே மேஜைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் பையனும் அவன் தாயும் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லியனுப்பினார். எங்கள் ஊரில் பெண் வீட்டார் நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

புதன்கிழமை பிற்பகல், அஸர் தொழுகை முடிந்ததும் என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மேல வா. அந்தக் கம்ப்யூட்டரைத் திற. அவன் எதை எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு எனக்குத் தெரியணும். அவன் அம்மா கேட்டா காட்டணும்."

"கீழ எடுத்துட்டு வாங்க பே, நான் பாத்து வைக்கறேன்."

"கீழ வேணாம். நீ அவனோட காபிக் கடையில உக்காந்து பந்தாட்டம் பாக்கறவன். வேலிக்கு ஓணான் சாட்சியா? என் கண்ணு முன்னாடி திற."

எனக்குச் சுள்ளென்று வந்தது. காபிக் கடையில் பந்தாட்டம் பார்க்காதவன் இந்த ஊரில் யார்? ஆனால் உண்மையைச் சொன்னால், பையன் மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்க்கிறவன் நான். நல்ல பையன்கள் என்று தெருவே சொல்லும் பையன்களின் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹைஸமின் குட்டும் இன்றைக்கு வெளிப்படப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

முன்கூடத்தில் ரிஹாப் சுவரோரம் நின்றிருந்தாள், கண் சிவந்திருந்தது. உம் ரிஹாப் தட்டில் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் கதவருகிலேயே நின்றார். பே என் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசலில் பஸ் பயணிகள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. கையை எங்கே வைத்தாலும் தப்பாகத் தோன்றுகிறது.

வேலை நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண்களைக் கொண்டு வருவது ஒரு சின்ன நிரல். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே சத்தமில்லாமல் அதுவும் விழித்து, பின்னால் ஒளிந்து உட்கார்ந்துகொண்டு, நேரம் பார்த்து விளம்பரத்தைத் தள்ளும். அதைக் கண்டுபிடித்து நீக்கினேன். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். அவள் அதே சிரிப்போடு திரும்ப வந்தாள்.

"என்னாச்சு?" என்றார் பே. குரலில் ஒரு திருப்தி.

"இன்னொண்ணு இருக்கு. இது போனா அது இதைத் திரும்பக் கொண்டு வருது."

"கூட்டாளி." அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். "எப்பவும் ரெண்டு பேரா வருவானுங்க. ஒருத்தன் மாட்டுவான், இன்னொருத்தன் மூட்டையோட நடந்து போயிட்டே இருப்பான். ரெண்டாவது ஆளைப் பிடி."

சொன்னது சரிதான். கூட்டாளி பார்க்க யோக்கியமான ஒரு பெயரை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரின் சொந்த நிரல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. மணிக்கொரு தடவை எழுந்து, முதலாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இணையத்தில் இருந்து மறுபடி இறக்கிக்கொள்ளும். ஒயரைக் கழற்றினேன். கூட்டாளியை முதலில் ஓட்டத்தில் நிறுத்தினேன், அப்புறம் மற்றதையும் நிறுத்தினேன். இரண்டையும் வேரோடு எடுத்தேன். காலையில் எழுப்பிவிடச் சொல்லி அவை எழுதி வைத்திருந்த கட்டளைகளை அழித்தேன். பிரௌசரின் முதல் பக்கத்தை மாற்றி வைத்திருந்தன, அதையும் சரிசெய்தேன். இத்தனையும் செய்யும்போது ஒன்று கவனித்தேன். அந்த இரண்டும் பாங்கு சொல்லும் நிரலின் வீட்டுக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கியிருந்தன. சந்தேகத்துக்கு அதையும் எடுத்துவிட்டு, ஒயரைத் திரும்ப மாட்டினேன். நிறுத்திப் போட்டோம். திரை வெறுமையாக, சுத்தமாக இருந்தது. யாரும் வரவில்லை.

"பாங்கு எங்க?" என்றார் பே.

"அதையும் எடுத்துட்டேன்."

"அதை எதுக்கு எடுத்த? அது என்ன பாவம் பண்ணுச்சு? திரும்ப வை."

என் கை அப்படியே நின்றது. "அதை யாரு வச்சது பே?"

"நான்தான். ஒரு நாள் விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வந்து நானே தேடி எடுத்தேன். காசு கூடக் கேக்கல, இலவசம். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சியா?"

ரிஹாப் சுவரில் இருந்து நிமிர்ந்தாள். நான் நாற்காலியில் இருந்து எழுந்தேன்.

"அப்ப நீங்களே வைங்க பே. எனக்கு அது பழக்கமில்ல. எப்படி எடுத்தீங்களோ அப்படியே பண்ணுங்க."

அவருக்குப் பெருமை. உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு ஒரு விரலால் தட்டித் தேடி அதே நிரலைக் கண்டுபிடித்தார். இறங்கியது. முதல் பக்கம் வந்தது. அடுத்து என்று தட்டினார். இரண்டாவது பக்கம் வந்தது. அதன் அடியில் சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு கட்டம், ஏற்கெனவே சரி போட்ட கட்டம், இலவச உதவியாளரையும் சேர்த்து நிறுவ சம்மதம் என்று இருந்தது. அவர் விரல் மறுபடி அடுத்து மேல் போனது.

"பே, கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்கலையா?"

"எதுக்குப் படிக்கணும்?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள வர்றதுதானே. போறப்ப பாத்துக்கலாம்."

தட்டினார். இன்னொரு கட்டம், இன்னொரு அடுத்து. இத்தனை வருஷம் கப்பலில் இருந்து இறங்கியதை ஒருநாளும் திரும்பிப் பார்க்காத கண் அது. ரொட்டியை அமுக்குகிற மனிதர், காசு கொடுப்பதற்கு முன்பே மீன் வயிற்றைக் கீறிப் பார்க்கிற மனிதர், வாசலுக்குள் வந்ததை எல்லாம் வரி இல்லாத சரக்கு என்று விட்டுவிட்டார். எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

நிறுத்திப் போட்டோம். பாங்கு நிரலின் சின்னப் பள்ளிவாசல் படம் வந்தது. பே என்னைத் திரும்பிப் பார்த்து, இவ்வளவுதான் வேலை என்கிற மாதிரி கையை விரித்தார். அந்தக் கை விரிந்து இருக்கும்போதே மூலையில் அவள் எட்டிப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, என் அப்பாவின் கடிகாரங்களும் ஞாபகம் வந்தன. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. அவரே கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினார்.

"பாபா," என்றாள் ரிஹாப். "வெள்ளிக்கிழமை அவங்களை வரச் சொல்லியிருக்கீங்க."

"வரட்டும்."

"வந்தா என்ன சொல்லப் போறீங்க?"

"வரட்டும்னேன்." என் பக்கம் திரும்பினார். "இதைச் சுத்தம் பண்ணிக் கொடு. வெள்ளிக்கிழமை நீயும் சாப்பிட வா."

அந்த அழைப்பை நான் அடியோடு நம்பவில்லை. தன் வாயால் சொல்லத் துணிவில்லாமல் என்னைச் சொல்ல வைக்கப் போகிறார் என்று தோன்றியது. இல்லாவிட்டால் கீழ்த்தளத்து ஒயர்க்காரன் வேலைதான் இது என்று என் தலையிலேயே கட்டிவிடுவார். தப்பை ஒப்புக்கொண்ட சுங்க அதிகாரியை இந்த ஊர் பார்த்ததே இல்லை. பிடித்த மூட்டையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் "போ, இந்தத் தடவை விட்டேன்" என்றுதான் சொல்லுவார்கள்.

மறுநாள் ரிஹாப் பள்ளியில் இருந்து திரும்பும்போது என் கடை வாசலில் நின்றாள்.

"நகைப்பெட்டி இன்னும் மேஜை மேலயேதான் இருக்கு," என்றாள். "அவர் அதை எடுத்து உள்ளயும் வைக்கல, என் கையிலயும் குடுக்கல. பக்கத்துல உக்காந்து சுவத்தையே பாத்துட்டு இருக்கார்."

"ஹைஸமுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லேன்."

"பண்ணினேன். எடுக்க மாட்டேங்கறான். அன்னிக்கு அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஏன் பேசல? அதுதான் எனக்குப் புரியல. நிஜமாவே வேற எதாவது இருக்குமோ?"

பாருங்கள், இந்த வியாதி எப்படித் தொற்றுகிறது என்று. எனக்கும் அதே கேள்விதான். செய்யாத தப்புக்கு ஒருவன் எதற்காகத் தலை குனிய வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் மேலே போனபோது ஹைஸமும் அவன் தாயும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அந்த அம்மாள் சோபாவின் விளிம்பில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நகையை வாங்கி அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்ப வந்தவர் மாதிரி. நகைப்பெட்டி மேஜையில் இருந்தது. அடுக்களையில் இருந்து வறுத்த மீனும் வெங்காயம் சிவக்க வறுத்துப் போட்ட சோறும் மணத்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரிஹாப் மட்டும் ஹைஸமையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷவ்கத் பே எழுந்து நின்றார். சீருடை இல்லாமலேயே சீருடை போட்ட மாதிரி நின்றார்.

"அம்மா," என்று அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார், "உங்க பையன் இந்த வீட்டுக்குள்ள எந்தக் கெட்டதையும் கொண்டு வரல. கொண்டு வந்தது நான். இலவசமா வருதேன்னு ஒண்ணை உள்ள விட்டேன், அது பின்னாடியே அந்தக் கழுதைகளும் வந்துச்சு. இன்ஜினியர் பாத்தாரு. நான் சொன்னது பொய்யின்னா இப்பவே சொல்லட்டும்."

என் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். "நிஜம்தாம்மா," என்றேன். அவர் என்னைச் சொல்ல வைப்பார் என்று நினைத்தது என் சிறு புத்தி. அவரே சொல்லிவிட்டார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாள் கைப்பையில் இருந்து கையை எடுத்தார். பே அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. விசாரணை முடியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்று ஹைஸமைக் கேட்டார். "நீ செய்யலைன்னா அன்னிக்கு ஏன் தலையைக் குனிஞ்ச?"

"விடுங்க மாமா. அதான் முடிஞ்சு போச்சே."

"சொல்லு. நான் கேக்கறேன்."

பையன் காது சிவந்துவிட்டது. தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ரிஹாபைப் பார்க்கவே இல்லை.

"ரொம்ப நாளைக்கு முன்னாடியே அதைப் பாத்துட்டேன் மாமா. ஒரு நாள் நீங்க ஒயரைப் பிடுங்க மறந்துட்டுப் போயிட்டீங்க. அப்ப வந்துச்சு." மறுபடி தரையைப் பார்த்தான். "நீங்கதான் பாக்கறீங்கன்னு நினைச்சேன்."

ஹைஸமின் தாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார், அவன் நிறுத்தவில்லை.

"கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு, மேல துண்டு போட்டு மூடி இருந்துச்சு. வேற என்ன நினைக்கிறது? நீங்க என்னைக் கேட்டப்ப, நான் இல்லைன்னா பின்ன யாருன்னு கேப்பீங்க. உங்க பேரை எப்படிச் சொல்றது? அதுவும் ரிஹாப் முன்னாடி. அவளுக்கு நீங்கதான் எல்லாம். நான் போனா அவளுக்கு வேற மாப்பிள்ளை வருவான். அப்பா வேற வருவாரா?"

ஷவ்கத் பே மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். உம் ரிஹாப் அடுக்களை வாசலில் மீன் தட்டோடு நின்றிருந்தார். அவர் பார்வையை நேராக வாங்காமல் தட்டைப் பார்த்தார்.

"நீயுமா?"

"விடியக்காலைல தொழுதுட்டு வந்து தனியா அது முன்னாடி உக்காருவீங்க, நான் வந்தா துண்டைப் போட்டு மூடுவீங்க. நான் என்ன பண்றது?"

"வெளிய என்ன போயிருக்குன்னு பாக்கத்தானே உக்காந்தேன். என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டு என்ன ஆகப்போகுது ரிஹாப் அப்பா? இந்த வயசுல உங்களை எங்க கொண்டு போய் விடறது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரையே சந்தேகப்பட்டவர். அத்தனை வருஷத்தில் தன் மேல் ஒருவர் சந்தேகப்படுவார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. வலித்தது அவருக்கு. சந்தேகப்பட்ட பையன் அதை வைத்து அவரைக் கீழே தள்ளாமல், தன் கல்யாணத்தையே கொடுத்து மூடி மறைத்தான் என்பது இன்னும் அதிகமாக வலித்திருக்க வேண்டும். என் அப்பாவின் டின்னைக் கொட்டியவர் கண்ணில் நான் முதல்முறையாகத் தண்ணீரைப் பார்த்தேன்.

"மகனே," என்றார்.

ஹைஸமின் தாய் தன் மகனின் முதுகைத் தடவிக்கொண்டே அழ ஆரம்பித்தார். எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் நினைத்தேன். ரிஹாப் நினைக்கவில்லை. அவள் மேஜைக்கு வந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். பிள்ளைகளை அதட்டுகிற குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நீங்க இவன் மேல சந்தேகப்பட்டீங்க பாபா. நீ அவர் மேல சந்தேகப்பட்ட. ஆளுக்கொரு மானத்தைக் காப்பாத்தறதா நினைச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தூக்கிக் குடுக்கப் பாத்தீங்க. உனக்கு என்ன வேணும்னு யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் பெட்டியைத் திறந்தாள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குப் போட்டுவிட வேண்டும். ஹைஸம் எழுந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல், வளையலைத் தானே மாட்டிக்கொண்டாள், அப்புறம் மோதிரத்தையும். பிறகு அம்மாவின் கையில் இருந்த தட்டை வாங்கி மேஜை நடுவில் வைத்து, எல்லோரையும் உட்காரச் சொன்னாள். ஒருவரும் மறு பேச்சுப் பேசாமல் உட்கார்ந்தோம்.